முதல் உருண்டை

மூக்கண்டப்பள்ளி லைன் வீடுகளில் கெம்பம்மா வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். ராகேலம்மா வீடு என்று கேட்டால் உடனே கை காட்டுவார்கள். மாத்திரை கம்பெனியின் வருகை அட்டையில் அவள் கெம்பம்மா, சபையில் ராகேல். இரண்டு பெயரையும் வைத்துக்கொண்டு பதினாறு வருஷம் சச்சரவில்லாமல் காலம் தள்ளினாள். நாம் அவளைக் கெம்பம்மா என்றே சொல்வோம். கடைசியில் அவளிடம் மிஞ்சியது அந்தப் பெயர்தான்.

அவள் பிறந்தது நாட்றாம்பாளையத்துக்கும் அந்தப் பக்கம், காட்டோரத்தில். யானை தின்றது போக வயலில் ஏதாவது நின்றால் அதுதான் அறுவடை. புருஷன் சென்றாயன். ஓசூரில் புதிதாகத் தொழிற்பேட்டை வருகிறது, கல் மண் சுமக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எழுபத்து நாலில் இருவரும் பஸ் ஏறினார்கள். இடுப்பில் ஒரு வயசுக் குழந்தை முனிலட்சுமி. சென்றாயன் நல்ல உழைப்பாளி. ஆனால் கூலி வாங்கிய கையோடு எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குப் போய்விடுவான். தமிழ்நாட்டில் மதுவிலக்கு வந்தால் அவனுக்கென்ன, சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் கர்நாடகம் கடை திறந்து வைத்திருந்தது. திரும்பி வரும்போது பாதி நாள் சாக்கடையில்தான் கிடப்பான்.

அவனை அந்தச் சாக்கடையிலிருந்து தூக்கியவர் பாஸ்டர் ஏனோக்கு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். லைன் வீடுகளுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு ஒரு சபை நடத்திக்கொண்டிருந்தார். ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போனபோது அவர் சென்றாயனைத் தன் கையால் குளிப்பாட்டினார். ஒரு வாரம் அவன் கைகால் உதறிக் கத்தியபோதெல்லாம் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்திருந்தார். சென்றாயன் அதற்குப் பிறகு குடிக்கவில்லை. இதைச் சொல்லாமல் அந்த மனிதரைப் பற்றி மேலே சொல்வது நியாயமில்லை.

அடுத்த வருஷம் தென்பெண்ணையில் புருஷனும் பெண்டாட்டியும் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தார்கள். குழந்தைக்கு முழுக்கு இல்லை, தலையில் கை வைத்து ஜெபம் மட்டும். ஆனாலும் பெயர் மாறியது. சென்றாயன் தாவீது ஆனான், கெம்பம்மா ராகேல் ஆனாள், முனிலட்சுமி மிரியாம் ஆனாள். மூக்குத்தியைக் கழற்றினாள், வெள்ளைச் சேலைக்கு மாறினாள். இதெல்லாம் அவளுக்குக் கஷ்டமாகவே இல்லை. அடிக்காத புருஷன் கிடைத்தால் எந்தப் பெண்தான் மூக்குத்தியைப் பார்ப்பாள்?

அந்தச் சபையின் உபதேசத்தில் ஒன்று மட்டும் கறார். மருந்து கூடாது. ஊசி, மாத்திரை, கஷாயம், விபூதி எல்லாம் ஒரே கணக்கு. சரீரத்தைப் படைத்தவர் சொஸ்தப்படுத்துவார், மாத்திரையை நம்புகிறவன் அவரை நம்பவில்லை என்பது பாஸ்டரின் போதனை. இந்த லட்சணத்தில் கெம்பம்மாவுக்கு எழுபத்தொன்பதில் வேலை கிடைத்தது மாத்திரை கம்பெனியில்! பேக்கிங் செக்‌ஷன். அட்டை அட்டையாக வந்து விழும் மாத்திரைகளைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்க வேண்டும். எந்தக் குழியிலாவது மாத்திரை இல்லாமல் காலியாக இருந்தாலோ, தகடு கிழிந்திருந்தாலோ அந்த அட்டையை ஒதுக்க வேண்டும். பயந்துகொண்டே பாஸ்டரிடம் போய்க் கேட்டாள். "கையால தொடுதது பாவமில்ல ராகேலு. வாயால தொட்டாத்தான் பாவம்" என்றார். வேலைக்குப் போனாள்.

எண்பத்தொன்றில் சென்றாயனுக்கு மஞ்சள் காமாலை. கண்ணெல்லாம் மஞ்சளாகி, வயிறு வீங்கி, கடைசி வரைக்கும் பாட்டுப் பாடிக்கொண்டே கிடந்தான். டாக்டரிடம் போகலாமா என்று அவள் கேட்டதற்குக் கோபப்பட்டான். சபையே வந்து ஜெபித்தது. அவன் போய்விட்டான். மகிமைக்குப் போனான் என்று பாஸ்டர் சொன்னார், கெம்பம்மாவும் அதை நம்பினாள். அழுகை வந்தபோதெல்லாம் அது அவிசுவாசம் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். எட்டு வயசு மிரியாம் ஒன்றுதான் இனி அவளுக்கு என்று ஆனது.

இரண்டு வருஷம் கழித்து ஓசூர் சந்தையில், வெங்காயக் கடை முன்னால், அந்த மிரியாம் கட்டை மாதிரி விறைத்து விழுந்தாள். வாயில் நுரை. யார் யாரோ சாவியையும் இரும்பையும் கையில் திணித்தார்கள். வலிப்பு நிற்கவே இல்லை. கூடவே வந்திருந்த முனவர் பேகம் யாரையும் கேட்காமல் ஒரு ஜட்கா பிடித்துக் குழந்தையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். முனவர் பேக்கிங் செக்‌ஷனில் கெம்பம்மாவுக்குப் பக்கத்து ஸ்டூல். பக்கத்து வீடும்கூட.

ஊசி போட்டதும் வலிப்பு நின்றது. டாக்டர் இளவயசுக்காரர், பொறுமையாகச் சொன்னார். தினம் ஒரு மாத்திரை, ஒருநாளும் தவறக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் முன்பைவிட மோசமாக வரும், உயிருக்கே ஆபத்து. வலிப்பே வராமல் மூன்று வருஷம் போனால் கூட்டி வாருங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிடலாம். கெம்பம்மா தலையாட்டினாள். மிரியாம் கண் விழித்தபோது முனவர் வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் இருந்தாள். நடுவில் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது.

"என்னக்கா பண்ணப் போறே?" என்றாள் முனவர்.

"அவரைத்தான் குடுத்துட்டன். இதையும் குடுக்க என்னால ஆவாது முனவரு."

எங்கள் பக்கத்தில் ராகிக் களியை யாரும் மெல்ல மாட்டார்கள். கிள்ளி உருட்டி, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்குவதுதான் வழக்கம். மென்றால் வெளியூர்க்காரன் என்று சிரிப்பார்கள். அந்த வழக்கம் கெம்பம்மாவுக்குக் கை கொடுத்தது. பொழுது சாய்ந்து ஜெபம் முடிந்ததும் முதல் உருண்டையை அவள்தான் உருட்டுவாள். கட்டைவிரலால் குழி செய்து, மாத்திரையை உள்ளே வைத்து மூடி, கீரைக் குழம்பில் புரட்டி மகள் வாயில் வைப்பாள். மிரியாம் கண்ணை மூடி விழுங்குவாள். அம்மாவுக்குத் தன்மேல் அவ்வளவு பாசம் என்று பள்ளிக்கூடத்தில் பெருமை அடித்துக்கொள்வாள். பாசம்தான், அதில் பொய் ஒன்றும் இல்லை. மாத்திரையை முனவரின் அண்ணன் காஜா மொய்தீன் தன் மெடிக்கல் கடையிலிருந்து அனுப்பிவிடுவார்.

வலிப்பு நின்றுபோனது. சந்தையில் விழுந்தது சபைக்குத் தெரியும், ஆஸ்பத்திரிக்குப் போனது தெரியாது. ஒரு வருஷம் பார்த்துவிட்டு, பாஸ்டர் மிரியாமைச் சபை முன்னால் நிறுத்திச் சாட்சி சொல்லச் சொன்னார். பதினோரு வயசுப் பெண், இரட்டைச் சடை. "மருந்தில்லாம, மாத்திரையில்லாம கர்த்தர் என்னைச் சொஸ்தமாக்கினார்" என்று கணீரென்று சொன்னாள். கொட்டகை முழுக்க அழுதது. கெம்பம்மாவும் அழுதாள், அவள் அழுத காரணம் வேறு. அன்றைக்கே எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அன்றிரவு முதல் உருண்டை நின்றுவிடும். வாயை மூடிக்கொண்டாள்.

சாட்சி ஊர் ஊராகப் போயிற்று. கிருஷ்ணகிரி கன்வென்ஷன், பேரிகை எழுப்புதல் கூட்டம், எங்கே போனாலும் மிரியாம்தான் முதல் சாட்சி. எங்கே போனாலும் கெம்பம்மா தூக்குச்சட்டியில் களியோடு பின்னாலேயே போனாள். உபவாச நாளில்கூடப் பொழுது சாய்ந்ததும் தூக்குச்சட்டி திறந்துவிடும். மற்றப் பெண்கள் கேலி செய்தார்கள். பேரிகையில் கோவிந்தப்பன் என்ற சர்க்கரை வியாதிக்காரர் அந்தச் சாட்சியைக் கேட்டுத் தன் மாத்திரைகளைக் கிணற்றில் எறிந்தார். அந்த மழைக்காலம் முடிவதற்குள் கால் அழுகிச் செத்தார். அந்தச் செய்தி வந்த வாரம் கெம்பம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சாவில் தன் கையும் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அன்று மாலையும் களியை உருட்டினாள்.

டாக்டர் சொன்ன மூன்று வருஷம் வந்தது, போனது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டுமானால் மிரியாமிடம் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம், பரீட்சை முடிந்து சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள். மெல்லக் குறைத்து நிறுத்தியிருக்கக்கூடிய மாத்திரை எட்டு வருஷம் ஓடியது. அவளை ஏசுவதற்கு ஏதாவது வேண்டுமென்றால் இதற்காக ஏசலாம். அவளே தன்னை அதற்காகத்தான் ஏசிக்கொண்டாள்.

தொண்ணூற்றொன்றில் மிரியாம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். டைப்ரைட்டிங் சேர்த்துவிட்டு ஏதாவது கம்பெனி ஆபீசில் உட்கார வைக்கலாம் என்று கெம்பம்மா கணக்குப் போட்டிருந்தாள். மிரியாம் வந்து நின்று சொன்னாள், "எனக்கு அழைப்பு வந்துட்டுதும்மா. ஊழிய வீட்டுக்குப் போறன்."

ஊழிய வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், மாலூர் போகிற வழியில். கல்யாணம் இல்லை, சொந்தபந்தம் இல்லை. பெண்கள் ஒன்றாக ஜெபித்து, ஒன்றாகச் சமைத்து, ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அங்கே யார் முதல் உருண்டை ஊட்டுவது? கெம்பம்மா அழுதாள், பட்டினி கிடந்தாள், காலைப் பிடித்தாள். எதற்கும் மிரியாம் அசையவில்லை.

வழியனுப்பும் ஞாயிறு. மிரியாம் வெள்ளைச் சேலையில் முன்னால் நிற்கிறாள். பாஸ்டர் அவள் தலையில் கை வைக்கப் போகும்போது பெண்கள் பக்கத்திலிருந்து கெம்பம்மா எழுந்தாள்.

"அய்யா, நானும் ஒரு சாட்சி சொல்லணும்."

பாஸ்டர் சிரித்தபடி தலையசைத்தார்.

"என் பொண்ணு மருந்தில்லாத சொஸ்தமாவுல. எட்டு வருஷமா தெனம் களிக்குள்ள மாத்திரை வெச்சு நான்தான் ஊட்டனன். அதுக்குத் தெரியாது. கர்த்தர் என்மேல கோவப்படலை. புள்ளையை நல்லாத்தான் வெச்சிருந்தாரு. மாத்திரை வழியா வெச்சிருந்தாரு. இப்ப நிறுத்தனா செத்துப்பூடும்."

கொட்டகை முழுக்க மிரியாமைத் திரும்பிப் பார்த்தது. மிரியாமின் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது.

"பொய் சொல்றாங்க" என்றாள். "நான் போவக்கூடாதுன்னு ஒரு மாசமா என்னென்னவோ பண்ணிப் பாத்தாங்க. இப்ப இது."

கெம்பம்மா மடியிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். மகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மாத்திரை கம்பெனியில வேலை செய்யறவங்க கையில மாத்திரை இல்லாதயா இருக்கும்?" என்றாள். கொட்டகையில் பல தலைகள் ஆடின. அந்தப் பெண் சாட்சி சொல்லி வளர்ந்தவள். அவள் வாய் பொய் சொல்லாது என்று எல்லோருக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் பாஸ்டர் கெம்பம்மா வீட்டுக்கு வந்தார். நாற்காலி வேண்டாமென்று தரையில் உட்கார்ந்தார். அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"நீங்க சொன்னது நெசம்தான் ராகேலு. ஒங்க முகத்தப் பாத்தாலே தெரியுது."

"அப்ப அதுங்கிட்ட சொல்லுங்கய்யா. உங்க பேச்சைக் கேக்கும்."

"சொன்னா அந்தப் புள்ள விசுவாசம் ஒடஞ்சிரும். மாத்திரையில நின்ன சொஸ்தத்த இனி விசுவாசத்துல நிக்க வைப்போம். கர்த்தர் கைவிட மாட்டாரு."

"பசிக்குக் களி திங்கறோம். அது அவர் குடுத்ததுன்னுதான ஸ்தோத்திரம் பண்ணித் திங்கறோம்? களி அவர் குடுத்தது, தண்ணி அவர் குடுத்தது. மாத்திரையை மட்டும் யார் குடுத்தாங்க? அதைச் செய்யற கையும் அவர் படைச்சதுதான?"

பாஸ்டர் அட்டையைத் தரையில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எம் மவனுக்கு நாலு வயசு. சன்னி வந்துச்சு. பக்கத்துத் தெருவுலயே டாக்டரு. நான் கூட்டிட்டுப் போவல. காலையில அவன மண்ணுல வச்சிட்டு வந்து சாயங்காலம் பிரசங்கம் பண்ணினேன். நீங்க சொல்லுதது சரின்னா, நான் யாரும்மா?"

கெம்பம்மாவுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அந்த இரக்கம் வந்தபோதுதான் அவளுக்குப் பயமும் வந்தது. இந்த மனிதர் தன் செத்த பிள்ளைக்காக அவள் மகளை மாத்திரை சாப்பிட விடமாட்டார் என்று புரிந்துவிட்டது.

"உங்களுக்கு நான் பட்ட கடன் சாகற வரைக்கும் தீராதுங்கய்யா. என் புருசனை மனுசன் ஆக்கனவரு நீங்க. ஆனா இந்த உபதேசம் சரியில்லை. இதை வெச்சிக்கிட்டு இனிமே அந்தக் கொட்டகையில நான் உக்கார மாட்டன்."

அவர் எழுந்து போனார். அடுத்த ஞாயிறு அவளைச் சபையிலிருந்து நீக்கியதாக அறிவித்தார்கள். அவள்தான் ஏற்கெனவே விலகிவிட்டாளே, எதை நீக்கினார்களோ. அக்கம்பக்கத்து விசுவாசிகள் குழாயடியில் அவள் குடத்துக்குப் பின்னால் தங்கள் குடத்தை வைப்பதை நிறுத்தினார்கள்.

அதற்கு முன்பே மிரியாம் கிளம்பிவிட்டாள். தகரப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் கெம்பம்மா மாத்திரை அட்டைகளை வைத்தாள். ஒளித்து வைக்கவில்லை, மகள் பார்க்கும்படியே வைத்தாள். மிரியாம் தடுக்கவில்லை. பஸ் ஏறும்போது மட்டும் ஒருமுறை அம்மாவின் கையைப் பிடித்தாள்.

போலீசுக்குப் போகலாமா என்று முனவர் கேட்டாள். பதினெட்டு முடிந்த பெண்ணைப் பற்றிப் போலீசில் என்ன சொல்வது? வார லீவு நாளில் கெம்பம்மா மாலூர் பஸ் பிடித்து ஊழிய வீட்டுக் கேட்டில் போய் நின்றாள். சபை நீக்கியவர்களோடு ஊழியக்காரர் பேசக் கூடாது என்று உள்ளேயிருந்து கன்னடத்தில் பதில் வந்தது. மரத்தடியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். உள்ளே பெண்கள் பாடுவது கேட்டது. அதில் மிரியாமின் குரல் எது என்று பிரித்துப் பார்க்க முயன்றாள், முடியவில்லை. கொண்டுபோன களியைத் திரும்ப வீட்டுக்கே எடுத்து வந்தாள்.

அந்த மாதம் முடிவதற்குள் ஊழிய வீட்டிலிருந்து கம்பெனிக்கு ஆள் வந்தது. பேக்கிங் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் வந்து தோளைத் தொட்டதுமே கெம்பம்மா எழுந்துவிட்டாள்.

உபவாச ஜெபத்தில் இருந்தபோது மிரியாம் விடியற்காலையில் தண்ணீர்த் தொட்டியடியில் விழுந்தாளாம். ஒன்று நின்றதும் அடுத்தது, அது நின்றதும் அடுத்தது. சுற்றி நின்று ஜெபித்திருக்கிறார்கள். மதியம் வரை தாங்கினாள். கெம்பம்மா போய்ச் சேர்ந்தபோது வெள்ளைத் துணியில் கிடத்தியிருந்தார்கள். கடித்துக் கிழிந்த உதட்டை யாரோ துடைத்து வைத்திருந்தார்கள். அடக்கத்தின்போது அவளை வெளியாட்களோடு பின்னால் நிற்கச் சொன்னார்கள். முனவர் சண்டைக்குப் போனாள். கெம்பம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னாலேயே நின்றாள். முன்னால் ஒருவர் மிரியாமின் சாட்சியை எல்லோருக்கும் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். மருந்தில்லாம, மாத்திரையில்லாம.

ஒரு வாரம் கழித்துத் தகரப் பெட்டியைப் பாஸ்டர் ஏனோக்கே தூக்கிக்கொண்டு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். வாசலில் இறக்கி வைத்தார். அவள் உள்ளே வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. திரும்பிப் போனார்.

முனவர்தான் பெட்டியைத் திறந்தாள். துணிகள், ஒரு சீப்பு, பாட்டுப் புத்தகம். அடியில் கைக்குட்டையில் சுற்றி முடிந்திருந்தன மாத்திரை அட்டைகள். கெம்பம்மா வாங்கிக் கட்டைவிரலால் தடவினாள். பன்னிரண்டு வருஷமாகத் தடவிய விரல், கண் பார்ப்பதற்கு முன்னால் அதற்குத் தெரிந்துவிடும். எல்லாக் குழிகளும் நிறைந்திருந்தன. கடைசி அட்டையில் விரல் நின்றது. ஒரு குழியின் தகடு மட்டும் கிழிந்திருந்தது. மாத்திரை உள்ளேயே இருந்தது.

மிரியாம் அதைப் பிரித்திருக்கிறாள். அம்மா சொன்னது பொய்யில்லை என்று அவளுக்கு எப்போதோ தோன்றியிருக்கிறது. அங்கே முதல்முறை வலிப்பு வந்தபோதோ, வரப்போகிறது என்று தலை சுற்றியபோதோ. கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பிறகு விழுங்காமல் மறுபடியும் உள்ளே தள்ளி, துணியில் சுற்றி முடிந்து வைத்திருக்கிறாள். பக்கத்தில் கேட்பதற்கு யாருமில்லை.

அடக்கத்தில்கூட அழாத கெம்பம்மா அப்போதுதான் அழுதாள். முனவர் அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"எதுக்கு உண்மையைச் சொன்னன் முனவரு? பொய்யாவே இருந்திருக்கக் கூடாதா? கூடவே போயி, அந்தக் கேட்டாண்டையே குடிசை போட்டுக்கினு கெடந்திருக்கக் கூடாதா?" அட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள். "தானா முழுங்க அதுக்கு மனசு வரலை. நான் உருட்டிக் குடுத்திருந்தா, கண்ணை மூடிக்கினு முழுங்கியிருக்கும்."